கோயிலைக் கூட்டும் நகரங்கள்: ரோம ஆட்சியில் கிரேக்க நகரங்களின் வெண்கலக் காசுகள்

ரோமருக்குச் செலுத்தும் வரியைப் பற்றி ஆண்டவரிடம் கேட்கப்பட்ட கேள்வியும் அவர் அளித்த விடையும் நம் சபைகளில் அடிக்கடி பிரசங்கிக்கப்படுபவை. அன்று அவரிடம் கொண்டுவரப்பட்ட தெனாரியம் ஒரு வெள்ளிக் காசு. அதன்மேல் இருந்த உருவமும் எழுத்தும் சீசருடையவை (மாற்கு 12:15–17). ஆனால் பவுல் பணியாற்றிய எபேசுவின் கடைத்தெருவில் ஒரு சிறு வெண்கலக் காசை எடுத்து அதே கேள்வியைக் கேட்டிருந்தால், விடை அவ்வளவு எளிதாக வந்திராது. அக்காசின் ஒரு புறத்தில் இருந்த உருவம் சீசருடையது. மறுபுறத்தில் இருந்த எழுத்தோ 'எபேசியருடையது' என்று கூறிற்று. உருவம் ஒருவருக்கும் எழுத்து மற்றொருவருக்கும் உரியதாயிருந்த இத்தகைய காசுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆசியாவின் முதற்சபைகள் அப்பமும் மீனும் வாங்கின. இக்காசுகளைப் பற்றி நாம் சிறிது ஆராய்வது, புதிய ஏற்பாட்டின் சில பகுதிகளை அவை எழுதப்பட்ட தெருவிலேயே நின்று படிப்பதற்கு ஒப்பாகும்.

ரோமர் கிழக்கு நாடுகளைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த கிரேக்க நகரங்களின் காசு அச்சிடும் உரிமையை முற்றிலும் பறித்துவிடவில்லை. பொன் பேரரசின் கையில் இருந்தது. வெள்ளியும் பெரும்பாலும் அதன் மேற்பார்வையிலேயே வெளிவந்தது. அன்றாடச் சில்லறையாகிய வெண்கலத்தை மட்டும் நகரங்கள் தத்தம் பெயரால் வெளியிட்டு வந்தன. அகுஸ்துவின் காலம் முதல் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை 500-க்கும் மேற்பட்ட நகரங்கள் இவ்வாறு காசு வெளியிட்டுள்ளன. மேற்கே ஸ்பெயின் நாட்டு நகரங்கள் முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதை நிறுத்திவிட்டன. சின்ன ஆசியா, சீரியா, மக்கெதோனியா, திராக்கியா ஆகிய நாடுகளில் அது நீடித்துச் செழித்தது. பிலிப்பியும் கொரிந்துவும் ரோமக் குடியேற்றங்களாதலால் அவற்றின் காசுகளில் லத்தீன் மொழியைக் காண்கிறோம். அவை இக்கட்டுரைக்குப் புறம்பானவை.

பொதுவாக முன்புறத்தில் பேரரசனின் தலையும் பின்புறத்தில் நகரத்தின் தெய்வமோ கோயிலோ ஆறோ பழங்கதையோ காணப்படும். இதற்குச் சட்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அத்தேனே நகரம் இம்மூன்று நூற்றாண்டுகளிலும் தன் காசில் ஒரு பேரரசனின் தலையையும் பொறிக்கவில்லை. அதற்காக அது தண்டிக்கப்படவும் இல்லை. வேறு பல நகரங்கள் சில காசுகளில் பேரரசனுக்குப் பதிலாக ரோம ஆட்சிமன்றத்தையே ஓர் இளைஞனின் வடிவில் பொறித்து, 'புனித மன்றம்' என்று எழுதின. ஆகவே பேரரசனின் தலையைப் பொறித்தவர்கள் பெரும்பாலும் கட்டாயத்தால் அன்றித் தாமே விரும்பிப் பொறித்தவர்கள் என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். இனி நாம் சொல்லப்போவதற்கெல்லாம் இதுவே அடிப்படை.

இக்காசுகள் வார்க்கப்பட்டவை அல்ல, அடிக்கப்பட்டவை. பட்டடையில் பதித்த ஒரு முத்திரையின்மேல் சூடேற்றிய வெண்கல வில்லையை வைத்து, அதன்மேல் மற்றொரு முத்திரையை நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பார்கள். பல காசுகளின் நடுவே ஒரு சிறு குழி தென்படும். அது தேய்மானம் அன்று. வில்லையைச் சமன்செய்த கருவியின் முனை விட்டுச்சென்ற அடையாளம் என்று கருதுவர். 1972-இல் ஜெர்மானிய அறிஞர் கொன்ராத் கிராஃப்ட் ஒரு நூல் வெளியிட்டார். வெவ்வேறு நகரங்களின் காசுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பேரரசனின் தலை பல நகரங்களில் ஒரே முத்திரையால் அடிக்கப்பட்டிருப்பதை அவர் அதில் காட்டினார். அதாவது, ஒரே பட்டறையார் பல நகரங்களுக்கு வேலை செய்தனர். அரசனின் முகம் எல்லாருக்கும் பொதுவாயிருந்தது. மறுபுறத்து முத்திரையை மட்டும் ஒவ்வொரு நகரமும் தனக்கெனச் செய்வித்துக்கொண்டது. ஆளப்பட்ட மக்களின் நிலையை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் சான்று வேறொன்று கிடைப்பது அரிது.

விலைமதிப்பைப் பற்றி ஒரு சொல். கியு தீவின் காசுகளில் 'அசாரியம்', 'இரண்டு அசாரியம்', 'மூன்று அசாரியம்' என்று மதிப்பே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு அடைக்கலான் குருவிகளுக்கு விலையாக மத்தேயு கூறுவதும் (10:29), ஐந்து குருவிகளுக்கு விலையாக லூக்கா கூறுவதும் (12:6) கிரேக்க மூலத்தில் இந்த அசாரியமே. பொதுக் கணக்கின்படி ஒரு தெனாரியத்துக்கு 16 அசாரியம். கடைத்தெருவின் கணக்கோ வேறு. பெர்கமுவில் கிடைத்த ஒரு கல்வெட்டு, பொதுவாக ஹேட்ரியன் காலத்தது எனக் கொள்ளப்படுவது, காசு மாற்றுவோரின் வழக்கத்தைத் தெரிவிக்கிறது. வெள்ளியைக் கொடுத்துச் சில்லறை கேட்பவனுக்கு 17 அசாரியம் தருவர். சில்லறையைக் கொடுத்து வெள்ளி கேட்பவனிடம் 18 வாங்குவர். இடையிலுள்ள ஓர் அசாரியமே அவர்களுடைய ஆதாயம். அதில் நகரத்துக்கும் பங்கு உண்டு. சிறு மீன் வாங்கும் ஏழைகளையும் இவர்கள் வருத்தினர் என்ற முறையீட்டின்மேல்தான் அந்தக் கல்வெட்டே எழுந்தது. நகர நாணயம் பெருமைக்காக மட்டும் வெளியிடப்படவில்லை, வருவாய்க்காகவும் வெளியிடப்பட்டது என்பது இதனால் விளங்கும். புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் அறியவந்த புதையலில் 501 ரோமப் பொற்காசுகள் இருந்தன. பொன்னும் வெள்ளியும் அவ்வாறு கடல் கடந்து நம் கரைவரை வந்தன. ஆசிய நகரங்களின் வெண்கலமோ பெரும்பாலும் தன் ஊர்ச் சந்தையையும் அண்டை ஊர்ச் சந்தையையும் தாண்டாதது.

இனி எபேசுவுக்கு வருவோம். அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில் வெள்ளித் தட்டானாகிய தெமேத்திரியு மூட்டிய கலகத்தை நாம் அறிவோம். அரங்கத்தில் கூச்சலிட்ட கூட்டத்தை அமர்த்தியவர் நகரத்தின் சம்பிரதி. கிரேக்கத்தில் 'கிரம்மத்தேயுஸ்' என்னும் அந்தப் பதவி எபேசுவின் காசுகளில் அதை வகித்தவர்களின் பெயர்களோடு பலமுறை வருகிறது. லூக்கா வேறொரு நகரத்தின் பதவிப் பெயரை இங்கே கொண்டுவந்து வைக்கவில்லை என்பது இதனால் உறுதிப்படுகிறது. இதைவிட முக்கியமானது, அந்தச் சம்பிரதி தம் பேச்சில் வழங்கிய ஒரு சொல். எபேசியர் பட்டணம் மகா தேவியின் 'நெயோகோரொஸ்' என்பதை அறியாதவர் யார் என்று அவர் கேட்கிறார் (19:35). கோயிலைக் கூட்டிப் பெருக்குபவர் என்பதே இச்சொல்லின் பழைய பொருள் என்பர். நம் நாட்டுக் கோயில்களில் திருவலகிடுதல் என்று சொல்லப்படும் பணியை இதற்கு ஒப்பிடலாம். பின்னர் அது கோயிற் காவலரையும் மேற்பார்வையாளரையும் குறிக்கும் மதிப்புள்ள சொல்லாயிற்று. எபேசுவில் அது ஒரு மனிதரை விட்டு, ஒரு நகரம் முழுவதையும் குறிக்கலாயிற்று.

காசுகளில் இச்சொல் முதன்முதலாக வருவது நீரோவின் காலத்தில். ஆவியோலா என்பவர் ஆசியாவின் ஆளுநராயிருந்த கி.பி. 65–66-இல் எபேசு வெளியிட்ட வெண்கலக் காசில் ஒரு கோயிலின் உருவமும் இந்தப் பட்டமும் உள்ளன. ஆளுநரைக் குறிக்க அங்கே வழங்கப்படும் 'அந்துப்பத்தொஸ்' என்னும் சொல்லையே லூக்கா செர்கியு பவுலுக்கும் கல்லியோனுக்கும் (அப். 13:7, 18:12) வழங்குகிறார். கலகம் நடந்தது ஐம்பதுகளில். காசு வெளிவந்தது ஏறக்குறைய பத்தாண்டுகள் கழித்து. ஆகவே காசு கலகத்தை மெய்ப்பிக்கிறது என்று சொல்லிவிடக்கூடாது. மெய்ப்பித்தல் என்னும் சொல்லை நாம் மலிவாக வழங்குகிறோம். அந்தத் தலைமுறையில், அந்த நகரத்தில், அந்தச் சொல் தெருவில் புழங்கிற்று என்பதைக் காசு காட்டுகிறது. நமக்கு அது போதும்.

அப்படியானால் எபேசு யாருடைய கோயிலைக் கூட்டிற்று? அர்த்தெமி என்றும் நம் திருப்புதலில் தியானாள் என்றும் பெயர்பெற்ற தேவியின் கோயிலை. இதில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. கி.பி. 26-இல் ஆசிய நகரங்கள் பதினொன்று, திபேரியுவுக்குக் கோயில் கட்டும் உரிமை தமக்கே வேண்டும் என்று ரோம ஆட்சிமன்றத்தின் முன் வாதாடின. வரலாற்றாசிரியர் தாசித்து இதை விவரித்துள்ளார். எபேசு தள்ளப்பட்டது. அந்த நகரம் ஏற்கெனவே தன் தேவியின் வழிபாட்டில் முழுகியிருக்கிறது என்பது காரணம். பெர்கமுவில் அகுஸ்துவுக்குக் கோயில் இருந்தபடியால் அதுவும் தள்ளப்பட்டது. வென்றது சிமிர்னா. விரைவில் சிமிர்னாவின் காசில் அந்தக் கோயிலும் அதனுள் திபேரியுவின் சிலையும் தோன்றின.

தள்ளப்பட்ட எபேசு இதை மறக்கவில்லை. டொமிஷியன் காலத்தில், கி.பி. 89–90-இல், அங்கும் பேரரசர்களுக்கென ஒரு கோயில் எழுந்தது. அதன்பின் 'நெயோகோரொஸ்' என்னும் பட்டம் தேவியை விட்டுப் பேரரசனை நோக்கித் திரும்பிற்று. ஹேட்ரியன் (117–138) இரண்டாவது கோயிலுக்கு அனுமதி தரவே, 'இருமுறை நெயோகோரொஸ்' என்று காசுகள் கூறின. கரகல்லாவின் காலத்தில் 'மும்முறை'. எலகாபலுஸ் (218–222) நான்காவதையும் அளித்தபோது, 'அனைத்து நகரங்களிலும் தனியொன்றாக நான்முறை நெயோகோரொஸ்' என்று எபேசு தன் காசில் எழுதிக்கொண்டது. அந்தப் பேரரசன் கொல்லப்பட்டு அவன் பெயர் அழிக்கப்பட்டதும் நான்கு மறுபடியும் மூன்றாயிற்று. பின்னர் வலேரியன் காலத்தில் (253–260) எபேசு மீண்டும் நான்கு என்று எழுதிற்று. கோயிலைக் கூட்டும் வேலைக்காரன் என்று பொருள்பட்ட ஒரு சொல், எத்தனை பேரரசர்களுக்கு வேலைக்காரன் என்று எண்ணிக்காட்டும் பெருமையாக மாறியதை இக்காசுகள் ஆண்டுவாரியாகக் காட்டுகின்றன. தேவியும் மறைந்துவிடவில்லை. இருபுறமும் மான்கள் நிற்க, அதே காசுகளில் அவள் தொடர்ந்து நின்றாள். பேரரசன் அவளை விரட்டவில்லை. அவளோடு கோயிலைப் பகிர்ந்துகொண்டான். முன்னையது நிகழ்ந்திருந்தால் எபேசியர் ஒருவேளை எதிர்த்து எழுந்திருப்பார்கள்.

நகரங்களுக்கிடையே இருந்த போட்டியையும் இங்கே குறிப்பிட வேண்டும். எபேசு தன்னை 'ஆசியாவின் முதன்மை நகரம்' என்றது. சிமிர்னா 'அழகாலும் பருமையாலும் ஆசியாவின் முதன்மை நகரம்' என்று திருத்திற்று. கரகல்லாவின் காலத்துப் பெர்கமுவோ 'மும்முறை நெயோகோரொஸ் ஆனவற்றில் முதலாவது' என்றது. மூன்று நகரங்களும் ஒரே மாகாணத்தைச் சேர்ந்தவை. மூன்றும் ஒரே ஆளுநருக்கு வரி செலுத்தியவை. பித்தினியாவில் நிக்கொமேதியாவும் நிக்கேயாவும் இதே போல மோதிக்கொண்டபோது, தியோ கிறிசொஸ்தொம் என்னும் சொற்பொழிவாளர் நிக்கொமேதியரிடம் உண்மையை மறைக்காமல் சொன்னார். வெறும் பெயருக்காக இவர்கள் இடும் சண்டையை ரோமர் கிரேக்கரின் பைத்தியக்காரத்தனம் என்று எள்ளி நகையாடுகின்றனர் என்பது அவர் பேச்சின் கருத்து. இப்பூசல்களைத் தணித்த வேளைகளில் 'ஒமொனோயா', அதாவது ஒருமனம், என்ற சொல்லோடு இரண்டு நகரங்களின் தெய்வங்கள் எதிரெதிரே நிற்கும் காசுகள் வெளியிடப்பட்டன. அவற்றின் எண்ணிக்கையைப் பார்த்தால், சண்டைகள் எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

எல்லாமே வெறும் பெருமை என்று தள்ளிவிடுவதும் நேர்மையன்று. கி.பி. 17-இல் ஒரு பெரும் பூகம்பம் ஆசியாவின் பல நகரங்களை ஒரே இரவில் தரைமட்டமாக்கிற்று. மிகுந்த சேதமடைந்தது சர்தை. திபேரியு அதற்கு ஒரு கோடி செஸ்தெர்சு கொடுத்து, ஐந்தாண்டு வரியையும் நீக்கினார். அதன்பின் சர்தை வெளியிட்ட வெண்கலக் காசில், மண்டியிட்டிருக்கும் ஒரு பெண்ணைத் திபேரியு கைகொடுத்துத் தூக்குகிறார். அந்தப் பெண்தான் சர்தை நகரம். இடிபாடுகளிலிருந்து எழுந்தவர்கள் நன்றியோடு செதுக்கிய படம் அது. அதே பூகம்பத்தில் வீழ்ந்த பிலதெல்பியா, 'புதிய சீசரின் நகரம்' எனப் பொருள்படும் நெயோகைசரேயா என்னும் புதுப்பெயரை ஏற்று, அதைத் தன் காசில் பொறித்தது. வெஸ்பாசியன் குடும்பத்தார் ஆண்டபோது அக்குடும்பப் பெயராகிய பிலாவியா என்பதையும் சேர்த்துக்கொண்டது. அசையாத தூணையும், எழுதப்படும் புதிய நாமத்தையும் பற்றிய வாக்குத்தத்தம் (வெளி. 3:12) இந்த நகரத்துச் சபைக்கே எழுதப்பட்டது. பூமி அதிர்ந்தால் ஊருக்கு வெளியே ஓடிப் பழகியவர்களும், தங்கள் ஊரின் பெயர் மாறியதைக் காசில் பார்த்தவர்களும் அதைக் கேட்டார்கள். யோவான் காசை மனத்தில் வைத்தே எழுதினார் என்று நாம் வலியுறுத்தவில்லை. கேட்டவர்கள் அதை நினைத்திருக்கமாட்டார்கள் என்று சொல்வதுதான் கடினம்.

தியத்தீரா ஒரு கைத்தொழில் நகரம். கொல்லர் தெய்வமாகிய எப்பெஸ்து, அத்தேனே தேவிக்கு ஒரு தலைக்கவசத்தை அடித்து முடிக்கும் காட்சி அதன் காசில் உள்ளது. வெண்கலத்தையும் அக்கினியையும் அடையாளமாகக் கூறி அந்தச் சபைக்கு எழுதப்பட்ட நிருபம் (வெளி. 2:18) தொடங்குவதை வில்லியம் ராம்சே 1904-இலேயே இதனோடு இணைத்துக் காட்டினார்.

சிமிர்னாவில் மற்றொரு வகைக் காசு உண்டு. செல்வர் ஒருவர் தம் பொருட்செலவில் காசு அடிப்பித்து நகரத்துக்கு அளிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. புகழ்பெற்ற நாவலர் பொலெமோன், 'பொலெமோன் சிமிர்னாவினருக்கு அளித்தது' என்ற எழுத்தோடு காசுகளை வெளியிட்டார். அவற்றின் முகப்பில் இருந்தது பேரரசனின் தலைகூட அன்று. ஹேட்ரியனின் அன்புக்குரியவனாயிருந்து கி.பி. 130-இல் நைல் நதியில் இறந்து தெய்வமாக்கப்பட்ட அந்தினோவு என்னும் இளைஞனின் தலை. நேற்று வரை உயிரோடிருந்த ஒருவனை அச்சத்தால் எல்லாரும் தெய்வமாகத் தொழுகின்றனரே என்று யுஸ்தீன் தம் முதல் விண்ணப்பத்தில் சுட்டிக்காட்டியது இவனைத்தான். அக்காலத்தில் சிமிர்னாவின் கண்காணியாக இருந்தவர் பொலிக்கார்ப்பு. அவருடைய சபையாரின் காணிக்கைத் தட்டில் அந்தினோவின் தலை விழாமல் இருந்திருக்குமா? சில ஆண்டுகள் கழித்து அந்த முதியவர் அரங்கத்தில் நிறுத்தப்பட்டபோது, சீசரின் 'தீக்கே'யின்மேல் ஆணையிடும்படி அவரிடம் கேட்டார்கள். தீக்கே என்றால் நற்பேறு; அதைக் காக்கும் தெய்வமும் அதுவே. மதிற்சுவரையே முடியாக அணிந்த பெண்ணாக, நகரத்தின் தீக்கே எத்தனையோ ஆசியக் காசுகளில் நிற்கிறாள். காசைக் கையில் வாங்கிய அதே பொலிக்கார்ப்பு, அந்தப் பெயரால் ஆணையிட மறுத்து உயிரைக் கொடுத்தார். எல்லைக்கோடு எங்கே வரையப்பட்டது என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும்.

இதுவரை கூறியவை எல்லாம் ஒரு திசையில் செல்கின்றன. பிரிகியா நாட்டு அப்பமேயா நகரத்தின் காசு இதற்கு மாறான ஒரு வியப்பை வைத்திருக்கிறது. செப்திமியு செவேரு (193–211) காலத்தில் அந்த நகரம் வெளியிட்ட பெரிய வெண்கலக் காசின் பின்புறத்தில், நீரில் மிதக்கும் ஒரு பெட்டி; அதனுள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும்; மேலே கிளையைக் கொண்டுவரும் பறவை; பெட்டிக்கு வெளியே, தரையில் நின்று கையை உயர்த்தும் அதே ஆணும் பெண்ணும். பெட்டியின்மேல் மூன்றே எழுத்துகள், 'நோவே'. நோவாவின் பெயரே அது. விக்கிரக வழிபாட்டு நகரமொன்றின் அரசியல் நாணயத்தில், ரோமப் பேரரசனின் தலைக்கு மறுபுறத்தில், ஆதியாகமத்தின் காட்சி! பின்னர் மூன்றாம் நூற்றாண்டில் பேரரசன் பிலிப்பு (244–249) முதலானோர் காலத்திலும் இக்காட்சி மீண்டும் அடிக்கப்பட்டது.

இது எப்படி வந்தது? அப்பமேயாவுக்குக் 'கிபோத்தொஸ்' என்று ஒரு புனைபெயர் உண்டு, பொருள், பெட்டி. அங்கே நடந்த பெரும் வாணிபத்தால் அப்பெயர் வந்திருக்கலாம். பேழைக்குக் கிரேக்கப் பழைய ஏற்பாடு வழங்கும் சொல்லும் இதுவே. அந்த நகரத்தில் யூதர் நெடுங்காலமாக வாழ்ந்தனர். மூன்றாம் அந்தியோக்கு 2,000 யூதக் குடும்பங்களை லீதியாவிலும் பிரிகியாவிலும் குடியேற்றினான் என்று யோசேப்பு எழுதுகிறார். எருசலேம் ஆலயத்துக்கென யூதர் சேர்த்து வைத்த பொன்னை ஆளுநன் பிலாக்கு பறிமுதல் செய்தபோது, அப்பமேயாவில் மட்டும் ஏறக்குறைய 100 ராத்தல் பொன் பிடிபட்டது என்பது, கி.மு. 59-இல் சிசரோ அவனுக்காக வாதாடிய உரையிலிருந்து தெரிகிறது. அத்தகைய ஒரு சமூகம் தன் வேதத்தின் கதையை அயலாரிடம் சொல்லி, அயலாரும் அதைத் தங்கள் மலையில் நடந்த கதையாகவே ஏற்றுக்கொண்டு, நகர மன்றத்தின் ஒப்புதலோடு காசில் பொறித்தனர் என்றே கொள்ள வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர் இக்காசைக் கண்டபோது, இதைக் கிரேக்கரின் தெயுகலியோன் வெள்ளக்கதையோடு சேர்த்துப் பேசியவரும் உண்டு. பெட்டியின்மேல் உள்ள மூன்று எழுத்துகள் வேறு விளக்கத்துக்கு இடம் தரவில்லை. நற்செய்தி ஒரு பண்பாட்டினுள் நுழைவதைப் பற்றி இன்று இறையியலில் நாம் மிகுதியாகப் பேசுகிறோம். பேசுவோர் அப்பமேயாவின் யூதரையும் ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம். அவர்களின் கதை காசில் ஏறிற்று; ஆயினும் பேரரசனின் தலைக்குப் பின்புறத்தில்தான் அதற்கு இடம் கிடைத்தது.

சமாரியாவிலும் ஒரு காசு உண்டு. வெஸ்பாசியன் கி.பி. 72-இல் நிறுவிய நெயாபொலி நகரம், அந்தோனீனு பியு (138–161) காலம் முதல் கெரிசீம் மலையைத் தன் காசில் பொறித்தது. நீண்ட படிக்கட்டு, உச்சியில் ஒரு கோயில். சமாரியப் பெண் சுட்டிக்காட்டிய மலைதான் (யோவான் 4:20). ஆனால் உச்சியில் இருந்தது சேயுசின் கோயில்.

இத்தகைய காசுகளைத் தொடுவது தகுமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. எசேனியரில் சிலர் உருவம் பொறித்த காசைச் சுமக்கவும் மறுத்தனர் என்று இப்பொலித்து கூறுகிறார். காசிலுள்ள உருவத்தைக்கூட நோக்காதிருந்தார் என்பதற்காக மெனாகேம் பென் சிமாய் என்னும் போதகரைத் தல்மூத் தூயவர் என்று புகழ்கிறது. சபையோ இத்தகைய கட்டளை எதையும் பிறப்பிக்கவில்லை. கொரிந்தியருக்கு இறைச்சியைப் பற்றி மூன்று அதிகாரங்கள் எழுதிய பவுல், அந்த இறைச்சியை வாங்கிய காசைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவர் கவனிக்காமல் விட்டார் என்று நாம் எண்ணவில்லை. வாங்குவதும் விற்பதும் முத்திரை தரித்தவர்களுக்கே கூடும் என்னும் பகுதியை (வெளி. 13:17) இக்காசுகளைக் குறிப்பதாகவே விளக்குவோர் உண்டு. நமக்கு அது முழுவதும் உடன்பாடன்று. அங்கே முத்திரை கையிலும் நெற்றியிலும் இடப்படுகிறது, கையில் பிடிக்கப்படுவதில்லை. ஆனால் சந்தையே பேரரசனின் முகத்தால் நடந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த வசனம் வெறும் கற்பனையாக ஒலித்திராது.

இதற்கு மிக நெருங்கிய பதில் இக்னாத்தியுவிடம் கிடைக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவலரோடு ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், வழியில் சிமிர்னாவில் தங்கி மக்னேசியா சபைக்கு ஒரு நிருபம் எழுதினார். இரண்டு வகை நாணயங்கள் உள்ளன, ஒன்று கடவுளுடையது, மற்றொன்று உலகத்தினுடையது, ஒவ்வொன்றும் தனக்குரிய முத்திரையைத் தாங்கியிருக்கிறது என்பது அதில் அவர் கூறும் கருத்து. விசுவாசிகள் அன்பினால் இயேசு கிறிஸ்துவின் வழியே தந்தையின் முத்திரையைத் தாங்குகிறார்கள் என்கிறார். எபேசியருக்கு எழுதும்போது, அவர்களையே கோயிலைச் சுமப்பவர்கள் என்று அழைக்கிறார். கோயிலைக் காசில் பொறித்த நகரத்தின் சபைக்கு அந்தச் சொல் எவ்வாறு பட்டிருக்கும்! காசைத் தூக்கி எறியுமாறு அவர் சொல்லவில்லை. காசாக ஆகுமாறு சொன்னார்.

பேரரசனின் முகமும் நிலையாயிருக்கவில்லை. கி.பி. 211-இல் கரகல்லா தன் தம்பி கெட்டாவைக் கொன்று அவன் நினைவையே அழிக்கக் கட்டளையிட்டபோது, பெர்கமுவிலும் காரியா நாட்டு ஸ்திராத்தோனிக்கேயாவிலும் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே இருந்த காசுகளில் தம்பியின் முகத்தை மட்டும் உளியால் செதுக்கி எடுத்தார்கள். காசு செல்லுபடியாயிற்று, அண்ணனின் எதிரே வெற்றிடம் இருந்தது.

அந்த நூற்றாண்டின் நடுவில் ரோம வெள்ளிக் காசு வரவர வெள்ளி குறைந்து, கடைசியில் வெண்கலத்தின்மேல் பூசிய பூச்சாயிற்று. விலைகள் ஏறின. நகரங்கள் அதே அளவுக் காசின்மேல் உயர்ந்த மதிப்பெழுத்துகளை இட்டுச் சமாளித்தன. பம்பிலியா நாட்டுக் காசுகளில் 10 அசாரியத்தைக் குறிக்கும் எழுத்தைக் காண்கிறோம். ஒருநிலையில், காசின் மதிப்பைவிட அதற்கு வேண்டிய வெண்கலத்தின் விலை மிகுந்துவிட்டது. எபேசு நிறுத்திற்று, சிமிர்னா நிறுத்திற்று, ஒவ்வொன்றாக மற்றவையும் நிறுத்தின. எகிப்தின் அலெக்சந்திரியாவைத் தவிர்த்துக் கடைசியாகக் காசு வெளியிட்டது, பவுலும் பர்னபாவும் வசனத்தைச் சொல்லிக் கடந்துசென்ற பெர்கே (அப். 14:25). தாசித்து என்னும் பெயருடைய பேரரசன் ஆண்ட கி.பி. 275–276-இல் அது வெளியிட்ட காசுகளில், அவன் புதிதாக அளித்த 'தலைநகரம்' என்னும் பட்டம் பொறிக்கப்பட்டிருக்கிறது.